போஸ்ட்கிரெஸின் மெசான் பில்ட்: மாற்றங்களை மீளாய்வு செய்பவரின் மதிப்பீடு

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை மூலநிரலிலிருந்து பில்ட் செய்வதற்கு, அதாவது ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டுவதற்கு, இப்போது இரண்டு வழிகள் உள்ளன; இரண்டாவது, 2023 செப்டெம்பர் 14 அன்று வெளியான 16ஆம் பதிப்பில் சேர்ந்தது. ஆட்டோகான்ஃப் உருவாக்கித் தரும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டி, பின்னர் மேக் மூலம் கம்பைல் செய்வது பழைய வழி. மெசான் திட்டமிட்டுக் கொடுக்க, நிஞ்ஜா அந்த வேலைகளைச் செய்து முடிப்பது புதிய வழி. மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் இயங்கும் எங்கள் சிறிய மென்பொருள் குழு, வாடிக்கையாளர்களின் சேவையகங்களுக்கு வேண்டிய போஸ்ட்கிரெஸைத் தானே பில்ட் செய்து கொடுக்கிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பில்ட் கோப்புகளில் என்ன மாறியிருக்கிறது என்று வாசித்து, எங்கள் சொந்தத் திருத்தங்களையும் சரிபார்த்து, ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு சொல்வது எனது பொறுப்பு. ஆகையால் இந்த மதிப்பீட்டில் கம்பைல் வேகத்துக்கு நான் அதிக இடம் கொடுக்கவில்லை. ஒரு மாற்றம் உண்மையில் எதைச் செய்கிறது என்பதை மீளாய்வாளரின் கண்ணுக்குக் காட்டித் தருகிறதா என்பதே எனது அளவுகோல். அந்த அளவுகோலில் மெசான் வழி பழையதைவிடத் தெளிவாக மேலானது. ஆயினும் அதன் இயல்பான தெரிவுகளை அப்படியே விட்டுவிட்டால், தமிழில் தரவு வைத்திருப்பவர்களைப் பாதிக்கக்கூடிய ஒரு குறை அதில் இருக்கிறது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

மேக் 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. ஆட்டோகான்ஃப் 1991இல், யுனிக்ஸ் வகைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்ட காலத்தில் வந்தது. மெசான் பின்லாந்தைச் சேர்ந்த யூசி பாக்கனென் தொடங்கிய, பைத்தானில் எழுதப்பட்ட கருவி. சிஸ்டம்டி, கியூஎமு போன்ற பெரிய திட்டங்கள் போஸ்ட்கிரெஸுக்கு முன்னரே அதற்கு மாறிவிட்டன. போஸ்ட்கிரெஸில் அதற்கான முதல் தொகுப்பை ஆன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் 2022 செப்டெம்பரில் மூலநிரலில் சேர்த்தார். அப்போது திட்டத்தில் மூன்று பில்ட் முறைகள் இருந்தன. விண்டோஸுக்கென்று பெர்ல் மொழியில் தனியாக எழுதப்பட்டிருந்த மூன்றாவது முறை 2024 செப்டெம்பர் 26 அன்று வெளியான 17ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. இப்போது இரண்டு.

பழைய வழியில் மீளாய்வாளர் படும் பாட்டை முதலில் சொல்ல வேண்டும். மனிதர் எழுதுவது கன்ஃபிகர்.ஏசி என்ற, ஒப்பீட்டளவில் சிறிய கோப்பு. அதிலிருந்து ஆட்டோகான்ஃப் உருவாக்குவது பல ஆயிரம் வரிகள் கொண்ட ஷெல் ஸ்கிரிப்ட். போஸ்ட்கிரெஸ் திட்டம் அந்த உருவாக்கப்பட்ட ஸ்கிரிப்டையும், மூலநிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்திலேயே வைத்திருக்கிறது. ஆகவே, கன்ஃபிகர்.ஏசியில் ஒரு வரி மாறினால், ஸ்கிரிப்டில் அதற்கு ஈடாகப் பல வரிகள் மாறும். அந்த வரிகளை யாரும் ஊன்றி வாசிப்பதில்லை. சரியான நடைமுறை என்னவென்றால், மீளாய்வாளர் தானும் ஆட்டோகான்ஃபை ஓட்டி, தனக்குக் கிடைத்த ஸ்கிரிப்டும் அனுப்பியவரின் ஸ்கிரிப்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். இதற்காகவே போஸ்ட்கிரெஸ், ஆட்டோகான்ஃபின் 2.69 பதிப்பைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. அப்படியிருந்தும், டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் தனது பயனர்களுக்குத் திருத்திக் கொடுக்கும் ஆட்டோகான்ஃப், திட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் அடைவுத் தெரிவைத் தானாகவே ஸ்கிரிப்டுக்குள் நுழைத்துவிடும். அந்த வரிகளைக் கண்டு, இது தவறுதலாக வந்ததா வேண்டுமென்றே வந்ததா என்று பிரித்தறிவது வீண் உழைப்பு. உருவாக்கப்பட்ட கோப்பைக் களஞ்சியத்தில் வைத்திருப்பது போஸ்ட்கிரெஸ் செய்த நல்ல காரியம் என்றே நான் கருதுகிறேன். அதை வைக்காத திட்டங்களில் ஒப்பிடுவதற்குக்கூட எதுவும் இருப்பதில்லை. ஆனால் அந்த நன்மையைப் பயன்படுத்தும் பொறுமை எல்லா மீளாய்வாளருக்கும் எல்லா நாளும் இருப்பதில்லை.

மெசானில் இந்தச் சிக்கல் அடியோடு இல்லை. மனிதர் எழுதும் மெசான்.பில்ட் கோப்புகளே களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து உருவாகும் எதுவும் மூலநிரல் அடைவுக்குள் வருவதில்லை. எல்லாம் தனியான பில்ட் அடைவுக்குள்ளேயே போகும். மூலநிரல் அடைவுக்குள் நின்றுகொண்டு பில்ட் செய்ய மெசான் அனுமதிப்பதே இல்லை. அதற்கு முன்னர் பழைய வழியில் அங்கே கன்ஃபிகர் ஓட்டப்பட்டிருந்தால், போஸ்ட்கிரெஸின் மெசான் கோப்பு அதையும் கண்டுபிடித்து, முதலில் சுத்தம் செய்துவிட்டு வரும்படி சொல்லி நின்றுவிடும். மெசான்.பில்ட் கோப்புகள் எழுதப்படும் மொழியில் பயனர் தாமாகச் செயற்கூறுகளை வரையறுக்க முடியாது. ஒரு வரி என்ன செய்கிறது என்று அறிய, வேறெங்கோ ஒளிந்திருக்கும் மேக்ரோவைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது வாசிப்பவருக்குப் பெரிய நிம்மதி.

இன்னொரு தெரிவையும் நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஓர் அடைவில் இருக்கும் எல்லாக் கோப்புகளையும் ஒரு நட்சத்திரக் குறியால் அள்ளிக்கொள்ளும் வசதியை மெசான் திட்டமிட்டே தரவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயரையும் எழுதித்தான் ஆக வேண்டும். இது எழுதுபவருக்குத் தொல்லை, வாசிப்பவருக்கு வரம். புதிய கோப்பு ஒன்று பில்டுக்குள் நுழைந்தால், அதன் பெயர் மாற்றத்தில் ஒரு வரியாகக் கண்முன் நிற்கும். இதன் மறுபக்கத்தை எங்கள் அலுவலகத்தில் நேரில் கண்டோம். வந்தாறுமூலையிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருவர், எங்கள் நீட்சி (போஸ்ட்கிரெஸுக்குக் கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்) ஒன்றுக்குப் புதிய சோதனைக் கோப்பு எழுதி, வழக்கமான அடைவில் போட்டிருந்தார். பழைய வழியில் அந்த அடைவிலுள்ள சோதனைகள் அனைத்தும் நட்சத்திரக் குறியால் தாமாகவே எடுத்துக்கொள்ளப்படும். மெசானிலோ ஒவ்வொரு சோதனையும் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட வேண்டும். அவர் திரையைத் திருப்பிக் காட்டி, "சேர், மெசான்ல எல்லாம் பாஸ் எண்டுதான் காட்டுது. ஆனா என்ட டெஸ்ட் அதில ஓடவே இல்லையே" என்றார். அவர் அதைக் கவனித்தது, பாஸ் ஆனவற்றின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் பெயர்களையும் வாசித்ததனால்தான். இரண்டு முறைகளும் அருகருகே இருக்கும்வரை இந்தத் தவறு யாருக்கும் நேரும். ஆகவே புதிய கோப்பு வரும் எந்த மாற்றத்திலும் மேக்கோப்பு, மெசான்.பில்ட் ஆகிய இரண்டும் மாறியிருக்கின்றனவா என்பதே நான் பார்க்கும் முதல் விடயம்.

கோப்பை வாசிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அந்தக் கோப்பிலிருந்து என்ன கட்டளைகள் பிறக்கின்றன என்று பார்ப்பது. மெசானும் நிஞ்ஜாவும் எனக்கு மிகவும் பயன்பட்ட இடம் இதுவே. நிஞ்ஜாவிடம், எதையும் ஓட்டாமல், தான் ஓட்டவிருக்கும் எல்லாக் கட்டளைகளையும் முழுமையாக எழுதித்தரும் வசதி இருக்கிறது. மாற்றத்துக்கு முந்திய மூலநிரலுக்கு ஒரு பில்ட் அடைவு, பிந்தியதற்கு இன்னொன்று என்று அமைத்து, இரண்டிலும் அந்தப் பட்டியலை எடுத்து, வரிசைப்படுத்தி, ஒப்பிட்டுப் பார்க்கிறோம். மாற்றத்தை அனுப்பியவர் "வெறும் ஒழுங்குபடுத்தல்" என்று எழுதியிருந்தால், இரு பட்டியல்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நூலகத்துக்கான தெரிவு ஒரேயொரு கோப்பில் மட்டும் விடுபட்டிருந்தாலும் அது அங்கே பளிச்சென்று தெரியும். பழைய வழியிலும் மேக்கிடம் ஓட்டாமல் கட்டளைகளைக் காட்டும்படி கேட்கலாம். ஆனால் மேக்கோப்புகள் அடைவுக்கு அடைவு ஒன்றையொன்று அழைத்துச் செல்வதாலும், சில கோப்புகள் உருவான பின்னரே அடுத்த கட்டளைகள் தெரியவருவதாலும், கிடைக்கும் பட்டியல் நம்பத்தக்க முழுமையோடு இருப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட கோப்பு ஏன் மீண்டும் கம்பைல் செய்யப்பட்டது என்று நிஞ்ஜாவிடம் காரணம் கேட்கவும் முடியும். சார்புகள் தவறாக எழுதப்பட்ட மாற்றங்களைப் பிடிக்க இது போதும்.

பில்ட் மாற்றங்களை இவ்வளவு நுணுக்கமாக ஏன் பார்க்க வேண்டும் என்று எங்களிடம் சிலர் கேட்பதுண்டு. 2024இல் எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தில் நடந்ததை அவர்களுக்குச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸில் மெசானைக் கொண்டுவந்த அதே ஆன்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தனது கணினியில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) உள்நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதையும், அது செயலியை வழக்கத்துக்கு மாறாக உழைக்கவைப்பதையும் கவனித்தார். அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போய், 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு (கள்ளத்தனமாக உள்ளே நுழைவதற்கான மறைவழி) இருப்பதைப் பகிரங்கமாக அறிவித்தார். பின்கதவை உள்ளே கொண்டுவந்த வழி சீ மொழியில் எழுதப்பட்ட மூலநிரல் அன்று. சோதனைக்கான சுருக்கக் கோப்புகள் என்ற பெயரில் களஞ்சியத்தில் கிடந்தவற்றுக்குள் தீய நிரல் மறைக்கப்பட்டிருந்தது. அதை வெளியே எடுத்து நூலகத்தோடு இணைப்பதற்கான முதல் கட்டளை, ஆட்டோகான்ஃபுக்கான எம்4 மேக்ரோ கோப்பு ஒன்றில் இருந்தது. அந்தக் கோப்பு கிட் களஞ்சியத்தில் இருக்கவே இல்லை. வெளியீட்டுக்கென்று பொதியாக்கப்பட்ட தொகுப்பில் மட்டுமே இருந்தது. களஞ்சியத்தை வரி வரியாக வாசித்தவருக்கும் அது கண்ணில் பட்டிருக்காது.

போஸ்ட்கிரெஸ் 17இல் வந்த ஒரு மாற்றத்தை நான் மெசானுக்கு இணையாக மதிப்பது இதனால்தான். அந்தப் பதிப்பிலிருந்து வெளியீட்டுத் தொகுப்பு, கிட் களஞ்சியத்தில் உள்ளவற்றிலிருந்து நேரடியாக உருவாக்கப்படுகிறது. முன்னர், இலக்கண விதிகளிலிருந்து சீ நிரலை உருவாக்கும் பைசன், ஃப்ளெக்ஸ் ஆகிய கருவிகள் உருவாக்கிய கோப்புகளும் தொகுப்போடு சேர்த்துத் தரப்பட்டன. இப்போது அவை இல்லாததால், பில்ட் செய்பவர் அந்தக் கருவிகளையும் பெர்லையும் தமது கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும். முதன்முறை பில்ட் செய்பவருக்கு இது எரிச்சலாக இருக்கலாம். ஆனால் மீளாய்வாளர் வாசித்ததும் வாடிக்கையாளரின் சேவையகத்தில் பில்ட் ஆவதும் ஒன்றுதான் என்ற உறுதி அதற்குப் பதிலாகக் கிடைக்கிறது. எனக்கு அது மிகவும் பெறுமதியானது.

எக்ஸ்இசட் விவகாரத்தில் இன்னொரு சின்ன விடயம் இருந்தது. பில்ட் கோப்புகளை மீளாய்வு செய்யும் ஒவ்வொருவரும் அதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். லாண்ட்லாக் என்பது லினக்ஸ் கர்னல் தரும் ஒரு பாதுகாப்புவேலி. அது கணினியில் இருக்கிறதா என்று அறிய, எக்ஸ்இசட்டை பில்ட் செய்யும் இன்னொரு கருவியான சீமேக்கின் கோப்பில் ஒரு சிறு சோதனை நிரல் இருந்தது. அது கம்பைல் ஆனால் லாண்ட்லாக் உண்டு, ஆகாவிட்டால் இல்லை. அந்தச் சோதனை நிரலின் நடுவே, தனி வரியில், ஒரேயொரு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டிருந்தது. முற்றுப்புள்ளி இருக்கும்வரை அந்த நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. ஆகவே லாண்ட்லாக் எங்கும் இல்லை என்றே பில்ட் முடிவுசெய்து, பாதுகாப்புவேலியின்றி மென்பொருளைக் கட்டி முடித்தது. பிழைச்செய்தி ஒன்றும் வரவில்லை. திரையில் அந்த ஒற்றைப் புள்ளியைத் தூசியென்று நினைத்துக் கடந்து போவதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்த ஆபத்தை மெசான் தீர்க்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மெசானிலும் இதே வகைச் சோதனை நிரல்கள் உண்டு. அவை கம்பைல் ஆகாவிட்டால் "இல்லை" என்ற ஒரு சொல்லோடு வேலை தொடரும். ஏன் கம்பைல் ஆகவில்லை என்ற முழு விபரம் மெசானின் பதிவுக் கோப்பில் இருக்கும், ஆனால் அதைத் திறந்து பார்க்க வேண்டும். இதற்கு நாங்கள் கைக்கொள்ளும் வழி எளியது. இத்தகைய சோதனைகளின் முடிவுகள் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸில் ஒரே தலைப்புக் கோப்பில் வரையறைகளாக எழுதப்படுகின்றன. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அந்தக் கோப்பை எடுத்து ஒப்பிட்டால், மறைந்துபோன ஒரு வசதியும் தப்பாது. பழைய வழியில் உருவான தலைப்புக் கோப்பையும் மெசானில் உருவானதையும் ஒப்பிடுவதும் மிகவும் பயனுள்ளது. இரு முறைகளும் ஒரே கணினியைப் பற்றி இரு விதமான முடிவுக்கு வந்தால், இரண்டில் ஒன்று தவறு.

இனி, முன்னர் சொன்ன குறை. பழைய வழியில் கன்ஃபிகரை எந்தத் தெரிவும் கொடுக்காமல் ஓட்டினால், 16ஆம் பதிப்பிலிருந்து அது யூனிகோடுக்கான ஐசியூ நூலகத்தை எதிர்பார்க்கும். அது கணினியில் இல்லாவிட்டால் பிழை சொல்லி நின்றுவிடும். வேண்டாமென்றால் வெளிப்படையாக அப்படிச் சொல்ல வேண்டும். கட்டளை வரியில் தட்டச்சைத் திருத்த உதவும் ரீட்லைன் நூலகத்துக்கும் அதே நடைமுறை. மெசானில் இவை இரண்டுக்கும் இயல்பான தெரிவு "தானியங்கி" ஆகும். நூலகம் இருந்தால் சேர்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அது இல்லாமலே பில்டை முடித்துவிடும். இறுதியில் வரும் சுருக்கப் பட்டியலில் ஐசியூவுக்கு நேரே "இல்லை" என்று ஒரு சொல் இருக்கும். அந்தப் பட்டியல் நீளமானது. பில்ட் வெற்றி என்று கண்டதும் அதை யாரும் மேலே உருட்டி வாசிப்பதில்லை.

ஐசியூ இல்லாமல் போவது ஆங்கிலத் தரவு மட்டும் வைத்திருப்பவருக்குச் சிறிய விடயமாக இருக்கலாம். எங்களுக்கு அப்படியன்று. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குத் தரப்பட்ட எண்களின் வரிசை, நாம் அரிச்சுவடியில் படித்த வரிசை அன்று. னகரத்தின் எண் நகரத்துக்கு அடுத்ததாக, பகரத்துக்கு முன்னதாக இருக்கிறது; றகரத்தின் எண் லகரத்துக்கு முன்னதாக இருக்கிறது. ஆகவே வெறும் எண் வரிசைப்படி அடுக்கினால் கனகா முதலிலும் கமலா பின்னரும் வருவார்கள். தமிழ் நெடுங்கணக்குப்படி கமலா முதலிலும் கனகா பின்னரும் வர வேண்டும். ஐசியூவின் வரிசை இதைச் சரியாகச் செய்கிறது. இந்த மாவட்டத்துச் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பட்டியலில், வேறொருவர் பில்ட் செய்து கொடுத்திருந்த போஸ்ட்கிரெஸில் ஐசியூ இல்லாமையால் பெயர்கள் இடம் மாறிக் கிடந்தன. பட்டியலை அச்சிட்டுக் கையில் வைத்துப் பெயர் தேடியவர்கள், தங்கள் பெயர் விடுபட்டுவிட்டது என்றே நினைத்தார்கள். அந்த பில்டை முடித்தவருக்கு எச்சரிக்கை எதுவும் வந்திருக்காது. வந்தது சுருக்கப் பட்டியலில் ஒரு சொல் மட்டும்தான். பில்ட் முறையை மாற்றும்போது தெரிவுகளின் இயல்பு மதிப்பு மாறுகிறதா என்பதை நூலகப் பெயர்களுக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

தீர்வு கையில் இருக்கிறது. மெசானுக்கு "தானியங்கி" தெரிவுகள் அனைத்தையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லிவிட்டு, வேண்டியவற்றை ஒவ்வொன்றாக "கட்டாயம்" என்று குறிப்பிடலாம். எங்கள் பில்ட் கட்டளை இப்போது அப்படித்தான் இருக்கிறது. ஐசியூ இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இதைப் போஸ்ட்கிரெஸ் திட்டமே இயல்பாக்கியிருக்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து.

எங்கள் பக்கத்துச் சூழலில் இது எப்படி ஓடுகிறது என்றும் சொல்ல வேண்டும். நிஞ்ஜா இயல்பாகவே செயலியின் கருக்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலான வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கும். நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினிகளில் இதனால் எல்லாம் உறைந்து நிற்கும். மாணவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது வேலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் தெரிவைத்தான். மாரி காலத்தில் மின்சாரம் அடிக்கடி போய்வரும். முடிந்த வேலை ஒவ்வொன்றையும் நிஞ்ஜா தன் பதிவில் எழுதிக்கொண்டு போவதால், மின்சாரம் வந்ததும் மீதியிலிருந்து தொடரலாம். முன்னர் கம்பைல் செய்தவற்றைச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் சீசாஷ் கணினியில் இருந்தால் மெசான் அதைத் தானாகவே பயன்படுத்திக்கொள்ளும். பழையது, புதியது என்று இரண்டு பில்ட் அடைவுகளை வைத்து ஒப்பிடும் எங்கள் முறைக்கு இது பெரிய உதவி. வட்டில் இடம் மட்டும் கூடுதலாக வேண்டும், ஏனெனில் போஸ்ட்கிரெஸின் மெசான் அமைப்பு வழுநீக்கத் தகவல்களையும் சேர்த்தே கம்பைல் செய்கிறது. பில்டின் நடுவே இணையத்திலிருந்து எதையும் இறக்குவதில்லை என்பது ரீலோட் போட்டு வேலை செய்பவர்களுக்கு நல்ல செய்தி. களஞ்சியத்தின் முழு வரலாற்றையும் இறக்காமல் அண்மைய நகலை மட்டும் எடுத்தால் டேட்டாவும் மிஞ்சும்.

நீட்சிகளை வெளியிலிருந்து பில்ட் செய்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. அவற்றுக்கான பழைய மேக்கோப்பு முறை, மெசானில் கட்டிய போஸ்ட்கிரெஸோடும் வேலை செய்யும்படி வேண்டிய கோப்புகள் உருவாக்கப்படுகின்றன. மெசான், நிஞ்ஜா இரண்டும் இலவசம். அப்பாச்சி உரிமத்தில் கிடைக்கின்றன.

போஸ்ட்கிரெஸைத் தங்கள் லினக்ஸ் வழங்கலின் பொதியாகவே நிறுவுபவர்களுக்கு இந்த மாற்றத்தால் உடனடியாக எதுவும் ஆகப்போவதில்லை. சொந்தமாக பில்ட் செய்பவர்களும், திருத்தங்களை வைத்திருப்பவர்களும் மெசானுக்கு மாறலாம் என்று தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். மாறும்போது பழைய பில்டின் தலைப்புக் கோப்பையும், நிறுவப்பட்ட கோப்புகளின் பட்டியலையும் எடுத்து வைத்து, புதியவற்றோடு ஒப்பிட்ட பின்னரே சேவையகத்துக்குக் கொண்டு போங்கள். தமிழ்ப் பெயர்கள் உள்ள அட்டவணை ஒன்றை ஐசியூவின் தமிழ் வரிசையில் அடுக்கிப் பார்த்து, கமலா கனகாவுக்கு முன்னால் வருகிறாரா என்றும் பாருங்கள்.